பன்னிரண்டாம் கட்டிலின் இரும்புப் படி

பயிற்சி கொடுக்காமலே கொடுத்ததாக எழுதி வைத்தவர் நீங்கள்தான், மேனேஜர் சார். அந்தப் பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அதை ஒப்புக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்தால் கண்ணில் வருவது உங்கள் முகம் இல்லை, ஓர் இரும்புப் படி. நோயாளிகள் கட்டிலில் ஏற எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடக்குமே, ரப்பர் ஒட்டிய இரண்டு தட்டுப் படி, அது. எங்கள் வார்டில் இருந்ததற்கு ஒரு கால் குட்டை. மாத்திரை அட்டைப் பெட்டியை மடித்து முட்டுக் கொடுத்திருந்தோம்.

பன்னிரண்டாம் கட்டிலுக்கு வந்தவர் எங்கள் ஊர் சேவூர்ப் பக்கத்துப் பட்டு நெசவாளி. எழுபதைத் தாண்டியவர். மறதி நோய் முற்றி, கூட வந்த மனைவியையே சில நேரம் யார் வீட்டு அம்மா என்று கேட்பார். சேர்த்தது காய்ச்சலுக்கு. ஆட்டோவிலிருந்து இறங்கி மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். நான் பார்த்தேன். அதனால் அழுத்திச் சொல்கிறேன், நடந்து வந்தார். மறுநாளிலிருந்து அவரைக் கட்டிலில் வைத்திருக்க முடியவில்லை. படுக்க வைத்தால் எழுந்து ஓரத்துக்கு நகர்ந்து, காலைத் தொங்கப் போட்டு, கீழே எதையோ துழாவிக்கொண்டே சரிவார். பக்கத்துக் கம்பியைத் தூக்கி மாட்டினால் அதன்மேல் ஏறுவார். பேஜார் கேஸ் என்று பெயர் வைத்தோம். "பன்னண்டு மறுபடியும் பஸ் புடிக்க கெளம்பிட்டாரு" என்று கூட இருந்த சிஸ்டர் சொல்வாள், நாங்கள் சிரிப்போம். நான்காம் நாள் அவர் மணிக்கட்டு இரண்டையும் காஸ் துணியால் கம்பியோடு கட்டினோம். கட்டியது என் கை.

சாப்பாடு எடுத்து வர வீட்டுக்குப் போயிருந்த அவர் மனைவி திரும்பி வந்து அதைப் பார்த்தார். கத்தவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு முடிச்சை அவிழ்த்தார். ஏன் கட்டினீர்கள் என்று கேட்டார். ஓடிப் போகப் பார்க்கிறார் என்றேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சேவூருன்னு சொன்னியே, உங்கப்பா தறி நெய்யலியா? அவரு எங்க ஓடறாரு? தறியில எறங்கிகினு இருக்காரு. காலுக்கு மிதி ஆப்டல, அதான் தேடிகினு கீழ போறாரு. இத்தினி ஒசரத்துல ஏத்தி வெச்சா காலு ஆகாசத்துலயா மிதிக்கும்?"

பிறகு அந்த இரும்புப் படியைக் காலாலேயே தள்ளிக்கொண்டு வந்து அவர் பாதத்துக்குக் கீழே வைத்தார். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கால் அழுந்தியது, பிறகு வலது கால். சரிவது நின்றது. அப்படி உட்கார்ந்தே சோறு சாப்பிட்டார்.

என் அப்பா நெய்ததும் குழித்தறிதான். தரையோடு தரையாக உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு, மிதிபலகையை மிதித்து நெய்வார். சின்ன வயதில் பாதி நாள் அவரை இடுப்புக்கு மேலேதான் பார்த்திருக்கிறேன். அந்த வார்டில் வேலை செய்த முக்கால்வாசிப் பேர் வீட்டிலும் தறி இருந்தது, இல்லை இருந்து போனது. சேர்க்கைத் தாளில் தொழில் என்ற இடத்தில் 'நெசவு' என்று எழுதியவளும் நான்தான். எழுதிவிட்டு, அந்த மனிதரின் காலைப் பார்த்து, ஓடுகிறார் என்றேன். எப்படி எங்களில் ஒருத்திக்குக்கூடத் தோன்றாமல் போனது என்று இன்றைக்கும் திகைப்பாக இருக்கிறது.

தோன்ற வைப்பதற்குத்தானே பயிற்சி? உங்கள் பயிற்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, சார். கூட்ட அறையில் 'மறதி நோய் முதியோர் பராமரிப்பு' என்று பேனர் கட்டினீர்கள். எங்களை அதன் முன் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தீர்கள். ஆளுக்கு ஒரு சமோசா. சொல்லித்தர யாரும் வரவில்லை. நோட்டில் மூன்று நாளுக்கும் கட்டம் போட்டிருந்தது. "மூணு நாளுக்கும் சேத்துப் போட்டுடுங்கம்மா, ஜல்தி, வார்டுல ஆள் இல்ல" என்றீர்கள். வரிசையில் நின்று போட்டோம். சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் வரவேற்பு மேசைக்கு மேலே ஏறியது.

படி வந்த பிறகு இரண்டு நாள் பெரியவரைக் கட்டவே இல்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியைச் சோதிக்க வெளியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. தரையில் ஒரு பொருள் இருக்கக்கூடாது என்று நீங்களே வார்டுக்கு வந்து சொன்னீர்கள். படி அவருக்கு வேண்டும், இல்லாவிட்டால் விழுந்துவிடுவார் என்று நான் சொன்னேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "நீதான் டிரெயினிங் முடிச்சவளாச்சே, சமாளிம்மா" என்றீர்கள். கையெழுத்துப் போட்டவள் என்ன பதில் பேசுவாள்? நானே தூக்கிக்கொண்டு போய் ஸ்டோர் ரூமில் வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் தட்டு உருளுகிற சத்தம் கேட்டது. அவருடைய மனைவி அப்போதுதான் டீ வாங்கப் போயிருந்தார். பெரியவர் தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு போய்விட்டது. ஆனால் வலது பாதம் மட்டும் ஓயாமல் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

நடந்து வந்தவரை ஸ்ட்ரெச்சரில் அனுப்பினோம். இரண்டு மாதத்தில் போய்ச் சேர்ந்தார். உங்கள் அறிக்கையில் 'பயிற்சி பெற்ற ஊழியர் பணியில் இருந்தும்' என்று எழுதி, என் பெயரைப் போட்டிருந்தீர்கள். அந்த அம்மாவிடமும், படித்த ஆட்கள் இருந்தார்கள், நீங்கள் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்றீர்கள். அவர் அதை நம்பிவிட்டார். போன மாதம் சேவூர் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "நான் அந்த டீக்குப் போவாம இருந்திருந்தா..." என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். டீயால் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது.

நான் உங்கள் ஆஸ்பத்திரியை விட்டு வந்துவிட்டேன். இப்போது வீடுகளுக்குப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறேன். போனதும் முதலில் என்ன வேலை செய்தார் என்று கேட்கிறேன், பிறகு கால் எங்கே பாவுகிறது என்று பார்க்கிறேன். இதைச் சொல்லித்தர ஒரு மணி நேரம் போதும், சார். அந்தப் படி இன்னும் ஸ்டோர் ரூமில், மேலே சலைன் பெட்டி சுமந்துகொண்டு கிடக்கிறதாம். அதை எடுத்து வந்து உங்கள் சான்றிதழுக்குக் கீழே போடுங்கள். கையெழுத்து நோட்டை விரித்து வையுங்கள். அந்த அம்மாவை நான் கூட்டி வருகிறேன். டோக்கனுக்கு நிற்கிற ஜனம் முழுக்கக் கேட்கும்படி சொல்லுங்கள்: அந்த மூன்று நாளும் எங்களுக்குப் பாடம் நடத்தியது யார்?