ரீ ஏரிக்கரையில் தான்பூயி நடத்திய பாடம்

என் சின்ன அத்தைக்கு ஏழு பிள்ளைகள். கடைசிப் பெண் தான்பூயி. மிசோரத்தின் எல்லை ஊரான சம்பாயில் சபைப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினாள். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான். ஒரே மகன் ஸோவாவும் அவள் வகுப்பில்தான் படித்தான். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, மீசைகூட அரும்பாத வயதில் அவனும் செத்துப்போனான். அதற்குப் பிறகு அவள் வீட்டில் பேச்சுக்குரல் கேட்கும். பக்கத்து வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியும், அங்கே பேச வேறு ஆள் கிடையாது.

குளிர்காலம் வந்தால் வகுப்பை ரீ ஏரிக்குக் கூட்டிப்போவாள். தியாவ் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப்பக்கம் பர்மாவில் இருக்கிறது ஏரி. செத்தவர்கள் அதன் வழியாகத்தான் தங்கள் ஊருக்குப் போகிறார்கள் என்பது, நாங்கள் வேதத்துக்கு வருவதற்கு முந்தைய நம்பிக்கை. தான்பூயி கரையில் நின்று நீளம், அகலம் எல்லாம் சொல்லிவிட்டு, "இது வெறும் தண்ணி. இந்த வழியா யாரும் எங்கயும் போறதில்ல" என்று முடிப்பாள்.

இந்த வருஷம் தலைமையாசிரியர், "வேற யாரையாவது அனுப்பவாம்மா?" என்று கேட்டார்.

"என் பாடம் சார். நானே போறேன்."

பிள்ளைகளுக்குச் சோறு பொங்க எப்போதும்போல் நானும் போனேன். வண்டி ஏறும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தங்கச்சி, பாஸ்டர் காதுல விழ வேணாம். அவன அங்க விட்டுட்டு வா. உனக்கும் நிம்மதி, அவனுக்கும் நிம்மதி."

"ஞாயித்துக்கிழம முன்பெஞ்சுல உக்கார்ற ஆளு பேசுற பேச்சா அக்கா இது?"

வண்டியில் பையன்கள் பழைய கூத்தை ஆரம்பித்தார்கள். "நம்ம மிசோரத்துலயே பெரிய ஏரி எங்கடா இருக்கு?" "பர்மாவுல!" தான்பூயியும் சிரித்தாள்.

கரையில் நீளம் சொன்னாள், அகலம் சொன்னாள். பிறகு வாய் திறக்கவில்லை. காற்றே இல்லை. எதிர்க்கரை மரங்கள் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றன. சொல்லாமல் வந்துவிடடி என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

ஸோவாவோடு படித்த மோயி என்ற பெண், "டீச்சர், முடிஞ்சுதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"முடியல" என்றாள். "இது வெறும் தண்ணி. இந்த வழியா யாரும் எங்கயும் போறதில்ல."

குரல் கொஞ்சமும் பிசகவில்லை. சரி, மனசைத் தேற்றிக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

பொழுது சாய்ந்து வீடு திரும்பியதும், துணைக்கு இருக்கட்டும் என்று அவளோடு சாப்பிட உட்கார்ந்தேன். மூன்று தட்டு வைத்தாள். செத்தவருக்குச் சில மாசம் சோறு வைப்பது பாட்டன் காலத்து வழக்கம். ஏரியைத் தாண்டியிருப்பார் என்று தோன்றியதும் நிறுத்திவிடுவார்கள்.

"இன்னுமா வைக்கிற? இந்நேரம் அவன் போயிருப்பான் தங்கச்சி."

"எப்படிப் போவான்?" கீரையை அள்ளி மூன்றாவது தட்டில் வைத்தாள். "அந்த வழியா யாரும் போறதில்லன்னு காலையிலதான அக்கா சொன்னேன். நீங்களும் அங்கதான நின்னீங்க?"

அந்தத் தட்டு என் முழங்காலை ஒட்டி இருந்தது. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.