விரலளவு வெட்டிய கட்டம்

சூட்டில் வெந்த பேப்பரும் மையும் கலந்த ஒரு வாடை... இளம்பிள்ளையில் நான் முதன்முதலாகப் புடவைப் பிரிண்டிங் மெஷின் போட்ட ஒற்றை ரூமில் எப்போதும் அதுதான். சட்டையில் ஏறினால் இரண்டு முறை துவைத்தாலும் போகாது.

அங்கே எனக்கு டிசைன் போட்டவர் கலைவாணி. ராசிபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். புடவையின் பின்னணியில் ஓடும் பூ, கொடி, புள்ளி எல்லாம் அவர் வேலை. முழுப் புடவையையும் வரைவதில்லை. சாண் அகலத்துக்கு ஒரே ஒரு கட்டம். கம்ப்யூட்டர் அதையே அடுத்தடுத்து வைத்துக்கொண்டு போகும். வலது ஓரத்தில் நின்ற கொடி, இடது ஓரத்தில் அதே இடத்தில் தொடங்க வேண்டும். அப்போதுதான் சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரியாது.

அவரிடம் ஒரு பழக்கம். கட்டத்தை நாலு காப்பி எடுத்துச் சுவரில் ஒட்டி, வாசல்வரை பின்னால் போய், கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்.

"ஏனுங்க, சொவத்துக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா?" என்று கிண்டல் செய்வேன்.

"கோணல்னா இப்பவே திருப்பி அனுப்பிச்சுரலாமுங்க. தாலி கட்டுனப்பறம் முடியாதுங்க" என்பார்.

ஒரு தீபாவளி ஆர்டர்... பெரிய பார்ட்டி. டிசைனை முடித்துக் கொடுத்த மறுநாள் கலைவாணிக்குத் தங்கை வீட்டில் காதுகுத்து. "ஓட்டறதுக்கு முன்னால ஒருக்கா ஒட்டிப் பாத்துருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

துணி அகலத்துக்குக் கட்டங்கள் முழுசாக உட்காரவில்லை. நானே மவுஸைப் பிடித்து, கட்டத்தின் ஓரத்தில் ஒரு விரலளவு வெட்டினேன். ஒட்டிப் பார்க்கவில்லை. மெஷினை ஓட விட்டேன்.

மடித்து வைத்தபோது ஒன்றும் தெரியவில்லை. பார்ட்டி வந்து ஒரு புடவையை விரித்தார். சாணுக்குச் சாண் கொடி அறுந்து, கோடு கோடாக...

"என்னங்க இது, ஜெயில் கம்பியாட்ட இருக்குது?" என்றார்.

அந்த ஆர்டர் போனால் மெஷினோடு நானும் போக வேண்டியதுதான். காதுகுத்து முடிந்து வந்து பக்கத்தில் நின்ற கலைவாணியைக் காட்டினேன். "டிசைன் இவங்க போட்டதுங்க. இனி இவங்க கையில குடுக்க மாட்டேனுங்க."

அவர் துணியைக் கட்டைவிரலால் தடவினார். ஓரம் வெட்டியிருப்பது அந்த நொடியே புரிந்திருக்கும். "நான் போட்ட ஃபைலுல கோடு இல்லீங்க" என்றார்.

"அப்பறம் தானா வந்துச்சா?" என்று கேட்டேன்.

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஊருக்குள் 'கோடு கலைவாணி' என்று பெயர் விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் டிசைன் வேலை தரவில்லை. நூல் மில்லுக்குப் போனார். பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது.

இன்று நாலு வார்த்தை டைப் செய்தால் கம்ப்யூட்டரே நிமிடத்தில் இருபது கட்டம் போட்டுத் தருகிறது. எங்கே சேர்கிறது என்று தேடினாலும் அகப்படாது. என் ஆபீஸ் சுவரில் இப்போது யாரும் எதையும் ஒட்டுவதில்லை. கிண்டல் செய்யவும் ஆளில்லை...

போன மாதம் ராசிபுரம் போய் அவரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் இருமி முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க."

அன்று இளம்பிள்ளையில் தொழிலில் இருந்தவர்கள் பாதிப் பேர் இந்த வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறீர்கள். கட்டத்தை வெட்டியது நான். கலைவாணி போட்ட கொடி ஒருநாளும் அறுந்ததில்லை.