ஐஸ் பெட்டியில் ஒரு பனிச்சறுக்குப் பலகை

மனைவியின் வேலைக்காக மலையடிவார வெளிநாட்டு ஊர் ஒன்றில் சில வருடங்கள் இருந்தோம். அவள் பனியில் சறுக்கினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திரும்பி வந்தபின் அவளுடைய பலகைகள் அடையாறு வீட்டுப் பரணில் பதினோரு வருடம் கிடந்தன.

இந்த ஜனவரியில் பழைய தோழிகளோடு காஷ்மீரின் குல்மார்க்கில் சறுக்கப் போவதென்று முடிவு செய்தாள். எடுத்துப் பார்த்தால், அவளுடைய பூட்ஸின் அடிப்பாகம் கடற்காற்றில் அப்பளமாக நொறுங்கியது. ஒரு தோழி தன் பூட்ஸை இரவல் கொடுத்தாள். கால் பொருந்தியது; பூட்ஸின் அடிதான் பழையதைவிட இரண்டு விரற்கடை அதிக நீளம். பலகையில் பூட்ஸைக் கவ்வும் பிடிகளை அதற்கேற்ப நகர்த்த வேண்டும். முன்னால் ஒரு பிடி, பின்னால் ஒரு பிடி. மலையேறும்போது இவை குதிகாலை எழும்ப விட வேண்டும், இறங்கும்போது பூட்டிக்கொள்ள வேண்டும், ஆள் விழுந்தால் அந்தக் கணமே காலை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் முழங்கால் திருகிவிடும். அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. வலது முழங்கால் ஏற்கெனவே ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொண்டது.

“நானே பண்றேன்” என்றேன். எங்கள் வீட்டில் இந்த வாக்கியத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

நீளம் மாற்றும் திருகு துருப்பிடித்து இறுகியிருந்தது. பூட்டு, கதவுக்கீல், தையல் மெஷின் எதுவானாலும் எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினேன். மாலைக்குள் திருகு இளகியது. பின்பிடியைத் தள்ளி வைத்தேன். பூட்ஸ் கச்சிதமாக உட்கார்ந்தது. சந்தோஷத்தில் முன்பிடியின் ஸ்பிரிங்குக்கும் தாராளமாக விட்டேன். கூடத்தில் அவள் பூட்ஸை மாட்டிக் காலைத் திருகியதும் டப்பென்று கழன்றது. நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

“என்ன எண்ணெய் போட்டீங்க?”

“தேங்காயெண்ணெய்.”

“அங்க மைனஸ் எட்டு.”

டிசம்பர் மாதத்தில் பெங்களூர்த் தங்கை வீட்டில் எண்ணெய் பாட்டிலைக் குச்சியால் குத்தியது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. துணியால் துடைத்துவிட்டு, ஒரு சொட்டுகூட இல்லை என்று அடித்துச் சொன்னேன். நிரூபிக்கச் சொன்னாள். பலகை ஃப்ரிட்ஜில் நுழையாது.

மறுநாள் காலை பட்டினப்பாக்கத்தில் வழக்கமாக மீன் வாங்கும் அம்மாவிடம் பலகையோடு போய் நின்றோம்.

“இன்னா சார் இது, வஞ்சரத்துக்கு அண்ணனா?”

விஷயத்தைச் சொன்னேன். எண்ணெய் உறையும் என்பது தெரியாமல் இத்தனை வருஷம் என்ன படித்தேன் என்று விசாரித்துவிட்டு, பெட்டியிலிருந்த சங்கரா மீன்களை ஒதுக்கி, பலகையில் பிடிகள் இருக்கும் நடுப்பகுதியை ஐஸில் புதைத்துக்கொண்டாள். அரைமணி நேரம் நின்றோம். வந்தவர்களெல்லாம் அது என்ன மீன் என்று கேட்டார்கள். மூன்றாவது ஆள் முதல் மீன்கார அம்மாவே அதற்கு விலை சொல்லத் தொடங்கினாள்.

பலகையை எடுத்து ஈரச் சிமெண்டில் போட்டோம். மனைவி பூட்ஸை மாட்டிக் காலைத் திருகினாள். கழலவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினாள். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. சாய்ந்தவளை மீன்கார அம்மா இடுப்பைப் பிடித்து நிறுத்தினாள்.

“யம்மா, காலு போய்டும். சார், பாத்துக்கினு நிக்கிற, கயட்டி வுடு.”

செதில்களுக்கு நடுவே மண்டியிட்டு, பின்பிடியைக் கையால் நெம்பித்தான் காலை எடுக்க முடிந்தது. மனைவி முழங்காலைத் தடவிக்கொண்டு, நிஜமாகவே துடைத்தேனா என்று கேட்டாள். மேலாக, என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளே இரண்டு பலகையின் பிடிகளையும் பிரித்துத் தின்னரில் கழுவினாள். குளிரில் இறுகாத கிரீஸ் வரவழைத்துப் பூசி, நீளத்தைத் திரும்ப அளந்து வைத்தாள். எனக்கு டார்ச் பிடிக்கும் பொறுப்பு கொடுக்கப்பட்டது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஐஸ். முதல் திருகலிலேயே இரண்டும் விட்டன. மீன்கார அம்மாவுக்குத் திருப்தி வரவில்லை. இன்னொரு தபா, என்று மூன்று முறை செய்து காட்டச் சொன்னாள். அதன்பிறகுதான் டிக்கெட்டை உறுதி செய்தோம்.

குல்மார்க்கில் ஐந்து முறை விழுந்தாளாம். ஐந்து முறையும் பலகை தனியாகப் போயிற்றாம். இதைப் போனில் கேட்டிருந்தும், ஏர்போர்ட் வாசலில் அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, முகத்தைப் பார்க்காமல் முழங்காலிலிருந்துதான் பார்க்கத் தொடங்கினேன்.