நாற்பது வீட்டுக்கு ஒரே பதில்

இலங்கை மலைநாட்டில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் பத்திநாதன். எதையும் எப்படி முடிவு பண்ணுகிறார்கள் என்று கேட்டுத் துளைப்பது அவன் சுபாவம். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று இவ்வளவு கழிக்கச் சொன்னது யார் என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்கப்போய், தாய் பவுலினுக்கு ஒரு வாரம் வசவு வாங்கிக் கொடுத்தவன்.

அவன் இரண்டாம் வருடத்தில் இருந்தபோது, 1961இல், அவனைப் பற்றியே முடிவு பண்ணப் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு கூடியது.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விடுவது பற்றிய கட்டுரை ஒன்றுக்காகத் தன் தோட்டத்தில் நாற்பது வீடுகளில் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்பவேண்டியிருந்தது. முந்தின டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு ஊருக்கு வந்து ஆரம்பித்தான். காகிதமும் பென்சிலுமாக யார் வந்தாலும் சனம் வாயை மூடிக்கொள்ளும். பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டவர்களின் விசாரணையில் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னதால் மனுவே தள்ளுபடியான கதை அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. இரண்டு வீட்டில் கேட்டுப் பார்த்தான். கங்காணியைக் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். பெரிய கங்காணி வீரய்யா ஒரே சாயங்காலத்தில் நாற்பது வீட்டுக்கும் பதில் சொல்லி முடித்தார். பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணம் வீட்டு வேலை. நாற்பதிலும் வீட்டு வேலைதான். ஒவ்வொரு வீட்டிலும் நானே கேட்டு எழுதினேன் என்று கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான் பத்திநாதன்.

யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் பேரின்பநாயகம் அதைப் படித்துவிட்டு, விடைகள் முழுக்கக் கற்பனை என்று மேலிடத்துக்கு எழுதினார். நிரூபணமானால் படிப்பு அத்தோடு சரி.

குற்றம் இன்னதென்று விவரித்துக் கடிதம் வந்தது. விளக்கம் எழுத ஏழு நாள். சாட்சி இருந்தால் கூட்டிவரலாம். பவுலினுக்கு அதுதான் பிடிபடவில்லை.

"இங்க மொதல்ல வேலையில்லன்னு பத்துச்சீட்டக் குடுத்து வெளிய தள்ளுவாங்க, அப்பறந்தான் என்னா தப்புன்னு சொல்லுவாங்க. அங்க மொதல்ல கேட்டுட்டுத்தான் வெரட்டுவாங்களா?"

வீரய்யா கோட்டும் தலைப்பாகையுமாகச் சாட்சிக்கு வந்தார். மூன்று பேராசிரியர்களும் பேரின்பநாயகமும் உட்கார்ந்திருந்த மேசைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"நாப்பது வீட்டுக்கும் நாந்தாங்க சொன்னேன். எந்த வீட்டுல என்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? தம்பி ஒரு எழுத்துக்கூட சொந்தமாப் போடல."

அவனைக் காப்பாற்றியதும் மாட்டிவிட்டதும் அந்த ஒரே வாய்தான்.

பேரின்பநாயகம் பத்திநாதன் பக்கம் திரும்பினார். "அப்ப நீர் ஒரு வீட்டையும் போய்க் கேக்கேல்லையோ?"

"ரெண்டு வீட்டுல கேட்டேங்க சேர். யாரும் வாயத் தொறக்கல."

"அதையெல்லே நீர் எழுதியிருக்க வேணும்."

இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு அரைமணி நேரம் பேசினார்கள். உள்ளே எதற்கு எதைச் சமமாக வைத்து நிறுக்கிறார்கள் என்று, அந்தப் பயத்திலும் பத்திநாதனுக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

கற்பனை என்ற குற்றச்சாட்டு விழுந்துபோயிற்று. நானே கேட்டேன் என்று பொய்யாகக் கையெழுத்துப் போட்ட குற்றம் நின்றது. கட்டுரைக்குப் பூச்சியம், ஒரு வருடம் பின்தங்கல். நாற்பது வீட்டிலும் நேரில் கேட்டு எழுதிக் கொண்டுவந்தால் அடுத்த வருடம் பரீட்சை எழுதலாம். கொண்டுவராவிட்டால் வெளியே போகவேண்டியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, முன்பு வாய்திறக்காத காளியாயியின் வாசலில் போய் நின்றான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அவள் அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது ஒம் படிப்புக்குன்னு அன்னைக்கே சொல்றதுக்கென்னா? நான் ஏதோ கவுருமெண்டு காயிதமுன்னுல்ல நெனச்சேன். ஒக்காரு. எம்மக பள்ளிக்கூடத்த விட்டு நின்னதுக்கு வீட்டு வேலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில ஓடைக்கு மேல பாலமாக் கெடந்த பலகய மழ அடிச்சிக்கிட்டுப் போயிருச்சு. ரெண்டு மாசம் எவனும் வேற பலக போடல, புள்ளயால போக முடியல. அப்பறம் போனா, வாத்தியாரு பேர வெட்டிட்டாரு."

"புள்ள ஏன் வரலன்னு வாத்தியாரு கேக்கலீங்களா, அக்கா?"

"யாரு கேட்டா? எழுது, சொல்றேன். அந்தப் பலக கத இன்னும் இருக்கு."

படிவத்தில் விடைக்கு இரண்டு கோடுதான் விட்டிருந்தது. பத்திநாதன் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தான்.