பூட்டிய காருக்குள் அம்மா

நோர்வேயில் இருக்கும் என் தம்பி இந்த முறை லீவில் இலங்கைக்கு வந்தபோது, ஒரு காரை வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டப்போவதாகச் சொன்னான். காலிக் கோட்டையில் ஒரு இரவு தங்கி, மறுநாள் உனவட்டுன, கொக்கல என்று கடற்கரையோரமாகச் சுற்றிவிட்டு வருவது அவனுடைய திட்டம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவோம் என்றதும் எனக்குத் தயக்கமாக இருந்தது.

“அம்மா வெள்ளவத்தையை விட்டு வெளியில போய்க் கனகாலம். புது இடமெண்டா குழம்பிப்போவா,” என்றேன்.

“அதுக்குத்தான் அக்கா கார். பஸ்ஸில, ரயில்ல அவவால ஏலாது. காரெண்டா நினைச்ச இடத்தில நிப்பாட்டலாம். நீங்களும் எவ்வளவு நாளைக்குத்தான் இந்த ஃபிளாட்டுக்குள்ளயே இருக்கப்போறீங்க?”

சரி என்றேன். அம்மாவுக்கு ஞாபகம் நழுவத் தொடங்கிய பிறகு, நான் வேலையை விட்டுவிட்டு அவவோடு வீட்டில் இருக்கிறேன். சில நாட்களில் என்னை மகள் என்று தெரியும். சில நாட்களில் “மிஸ், நீங்க வீட்டுக்குப் போகேல்லையா?” என்று மரியாதையாகக் கேட்பா. தம்பியைப் பெரும்பாலும் யாரோ நல்ல மனிதர் என்ற அளவில்தான் தெரியும். அதை அவன் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

கார் தெஹிவளையில் ஒரு சின்ன இடத்தில் எடுத்தது. வெள்ளை நிறம், பழைய ஜப்பான் கார். வாடகைக்குக் கொடுத்தவர் நாலு பக்கமும் சுற்றி வந்து கீறல்களைக் காட்டினார். பின் கண்ணாடியில் அவருடைய தொலைபேசி எண் ஒட்டியிருந்தது. தம்பி வெளிநாட்டில் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவன். காலி வீதியில் ஏறிய முதல் பத்து நிமிடம் நான் கதவுப் பிடியை விடவேயில்லை. ஹைவேக்கு வந்த பிறகுதான் மூச்சு வந்தது. அம்மா முன் ஆசனத்தில் இருந்து வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தா. நடுவில் ஒருமுறை திரும்பி, “நல்ல ரோட்டு,” என்றா. தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான்தான் தேவையில்லாமல் பயந்தேனோ என்று நினைத்தேன்.

கோட்டை வாசலுக்குள் நுழைந்ததும் குறுகிய தெருக்கள். ஒன்றில் போனால் இன்னொன்று ஒருவழி. ஒரே தேவாலயத்தை இரண்டு முறை கடந்தோம். ஒருவழியாகக் கலங்கரை விளக்கத்துக்குக் கிட்ட, மதிலோரமாக ஒரு இடம் கிடைத்தது. நிழல் இல்லை. தம்பி எஞ்சினை நிறுத்தி, சாவியை நடுவில் இருந்த தட்டில் வைத்தான்.

“ஏசி வேணுமெண்டா சாவியைப் போட்டுத் திருப்புங்க. நான் கோட்டை மதிலுக்கு மேல ஏறி, அம்மாவை நடத்திக் கொண்டு போகேலுமோ எண்டு பாத்துட்டு வாறன்.”

அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் அம்மா நெளியத் தொடங்கினா. கழிவறைக்குப் போக வேண்டும் என்பதன் அறிகுறி அது. தம்பியின் ஃபோன் காரிலேயே சார்ஜில் கிடந்தது. அவனைக் கைகாட்டிக் கூப்பிடலாம் என்று இறங்கினேன். கடற்காற்று பலமாக வீசியதால் கதவைச் சாத்தினேன். அவன் கண்ணில் படவில்லை. திரும்பினேன். அதற்குள் டக்கென்று ஒரு சத்தம். காரின் விளக்குகள் ஒருமுறை மின்னின.

அம்மாவின் கையில் சாவி இருந்தது. வீட்டில் டீவி றிமோட்டை அமத்துவதுபோல அதை அமத்தியிருக்கிறா. நாலு கதவும் பூட்டிக்கொண்டன.

“அம்மா, திருப்பி அமத்துங்க. அந்தப் பட்டனை இன்னொருக்கா அமத்துங்க!”

அவ என்னைப் பார்த்தா. தெரியாத ஒருவரைப் பார்க்கும் பார்வை. பிறகு சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டு, சிப்பை இழுத்து மூடி, பையைக் காலடியில் வைத்தா. என் ஃபோனும் பின் ஆசனத்தில் என் பையோடு உள்ளே கிடந்தது. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன.

நான் தட்டினேன். சத்தம் போட்டேன். கைகளால் செய்து காட்டினேன். சத்தத்துக்கு முதலில் ஒரு ஓட்டோக்காரர் வந்தார். நான் சிங்களத்தில் விசயத்தைச் சொன்னதும் அவர் ஓடிப்போய் மதிலில் இருந்த தம்பியைக் கூட்டிவர ஒருவரை அனுப்பினார். தம்பிலி இளநீர் விற்பவர் வந்தார். கல்யாணப் படம் எடுக்க வந்த கூட்டம் ஒன்று, பூச்செண்டும் குடையுமாக அப்படியே இறங்கி வந்தது. பின் கண்ணாடியில் இருந்த எண்ணுக்கு ஒருவர் தன் ஃபோனில் எடுத்துத் தந்தார். மறுமுனையில் வாடகைக்காரர், “ஸ்பெயார் கீ என்னட்ட இருக்கு, மிஸ். ஆள் அனுப்புறன். ஆனா கொழும்பில இருந்து வரவேணுமே,” என்றார். வெயில் காரின் கூரையில் கொதித்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் நல்லவர்கள். அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஒவ்வொருவரும் ஒரு கண்ணாடியில் முகத்தை வைத்து, “அம்மே, தொர அரின்ன!” என்று கதவைத் திறக்கச் சொல்லித் தட்டினார்கள். ஒரு பெண் சிரித்துக் கைகாட்டினாள். தட்டத் தட்ட அம்மா ஆசனத்துக்குள் ஒடுங்கினா. வேர்த்து ஊற்றியது. திடீரென்று கையை உயர்த்தி, நெற்றியில் இருந்த ஒட்டுப் பொட்டை நகத்தால் கிளப்பி எடுத்தா. நெற்றியைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தா.

“பாவம், வேர்க்குது,” என்றார் சிங்களத்தில் யாரோ.

அது வேர்வைக்காகத் துடைத்தது இல்லை.

எண்பத்து மூன்று கலவரத்தில் எனக்கு ஏழு வயது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் தமிழர் வீடுகள் எரியத் தொடங்கியதும், அப்பா தன் அலுவலகக் காரில் எங்களை ஏற்றினார். ஒழுங்கை முடியும் இடத்தில் ஒரு சிங்களக் கும்பல் மறித்தது. நான் அம்மாவின் காலடியில், காரின் தரையில் கிடந்தேன். அம்மாவின் இடது கை என் தலையை அமுக்கிக்கொண்டிருந்தது. யாரோ கண்ணாடியில் இரும்பால் தட்டினார்கள். அப்பாவுக்குச் சிங்களம் சரளமாக வராது. அம்மா, தமிழரென்று காட்டிக்கொடுக்கும் பொட்டை நெற்றியிலிருந்து துடைத்துவிட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று நல்ல சிங்களத்தில் சொன்னா. விட்டுவிட்டார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டில் அதைப்பற்றி யாரும் கதைத்ததில்லை.

இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் உதடுகள் அசைந்தன. கிட்டப் போய்க் காதை வைத்தேன். “மஹத்தயா, லமயாட்ட உண.” ஐயா, பிள்ளைக்குக் காய்ச்சல். திரும்பத் திரும்ப அதையே சொன்னா. இடது கை காலடியில் இருந்த கைப்பையை அமுக்கிப் பிடித்திருந்தது.

“அம்மா கதைக்கிறா! கதைக்கிறா!” என்று கூட்டம் சந்தோசப்பட்டது. இன்னும் நெருங்கியது.

நான் இரண்டு கைகளையும் விரித்து அவர்களைத் தள்ளினேன். “தயவுசெய்து கொஞ்சம் தள்ளிப் போங்கோ. அவவுக்குக் கூட்டமெண்டா பயம்.” சிங்களத்தில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. ஏன் என்று கேட்டாள் கல்யாணப் பெண்ணின் தோழி. வருத்தம், சுகமில்லாதவ என்றேன். வெயிலில் நின்று உதவி செய்யும் மனிதர்களிடம், நீங்கள்தான் அந்தப் பயம் என்று எப்படிச் சொல்வது?

ஓட்டோக்காரர் தன் வண்டியிலிருந்து சில்லுக் கழற்றும் இரும்பைக் கொண்டுவந்தார். “உடைக்கத்தான் வேணும் மிஸ். உள்ள மூச்சு முட்டும்.” அவர் சொன்னது சரி. அம்மாவின் முகம் சிவந்து, கண்கள் சொருகத் தொடங்கியிருந்தன. ஆனால் இரும்பு அவர் கையில் உயர்ந்ததும் அம்மா இரண்டு கைகளையும் கூப்பினா. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். விடவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை.

தம்பி அப்போதுதான் ஓடி வந்தான். “என்ன அக்கா பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?” என்று கத்தியபடி இரும்பைப் பறித்தான். “பின் பக்கம், பின் பக்கம்!” என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது. பின் கதவின் கண்ணாடியை உடைத்தான். அம்மா கத்தவில்லை. குனிந்து கைப்பையின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டா. அவன் கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்தான், கையிலிருந்து இரத்தம் வழிந்தது. முன் கதவைத் திறந்து அம்மாவைத் தூக்கப் போனவனைப் பார்த்து அவ மெல்லச் சொன்னா: “மஹத்தயா, என்னை என்னவும் செய்யுங்க.” அதையும் சிங்களத்தில்தான் சொன்னா. சின்ன வயதிலேயே வெளிநாடு போன அவனுக்கு அது விளங்கவில்லை. “ஓம் அம்மா, ஓம் அம்மா,” என்று தூக்கினான்.

எதிர்வீட்டில் ஒரு முஸ்லிம் பெண் கதவைத் திறந்து வைத்திருந்தா. “உள்ள கொண்டு வாங்க. உம்மாவை விசிறிக்குக் கீழ படுக்க வைங்க,” என்றா. அவவின் வீட்டில் அம்மாவுக்கு உடை மாற்றினேன். காருக்குள்ளேயே எல்லாம் ஆகிவிட்டிருந்தது. அந்தப் பெண் தன் நைட்டி ஒன்றைத் தந்து, தம்பியின் கைக்கும் துணி கட்டிவிட்டா. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தம்பிலிக்காரர் சீவிய காயோடு வாசலில் நின்றார். அம்மா குடித்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல அவருக்கு நன்றி சொன்னா.

இரவு தங்குவதற்கு எடுத்த அறைக்கு நாங்கள் போகவேயில்லை. உடைந்த இடத்தில் ஓட்டோக்காரர் பொலித்தீன் ஒட்டிக் கொடுத்தார். ஹைவேயில் அது வழி முழுக்கப் படபடத்தது. அம்மா பின் ஆசனத்தில் என் மடியில் நித்திரை.

“நான் தூக்கேக்க அம்மா சிங்களத்தில என்னவோ சொன்னா. என்ன சொன்னவ?” என்று தம்பி கேட்டான்.

சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னா என்பதையும் சொன்னேன். அவன் பிறந்தது அதற்கு அடுத்த வருடம்.

“எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?”

“நாங்களே எங்களுக்குள்ள கதைச்சதில்லை, தம்பி.”

“என்னை அவங்களில ஒருத்தன் எண்டு நினைச்சிருக்கிறா, என்ன?”

“அவவுக்கு ஞாபகம் இல்லாமல் போயிருக்கும் இப்ப,” என்றேன். அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னது. உண்மையா என்று எனக்குத் தெரியாது.

அவன் திரும்பிப் போய்விட்டான். அம்மாவை அதன் பிறகு காருக்குள் ஏற்ற முடியவில்லை. கதவைத் திறந்தாலே என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிடுவா. கிளினிக்குக்குப் போவதென்றால் ஓட்டோவில்தான் போகிறோம். அதில் கண்ணாடி இல்லை, இரண்டு பக்கமும் திறந்திருக்கும். மழை வந்தால் ஓட்டோக்காரர் நிறுத்திவிட்டு, பக்கத்துத் திரையை இறக்கப் பார்ப்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அம்மாவும் நானும் நனைந்துகொண்டே போவோம்.