லீக் சராசரி

போர் முடிந்து சில வருடங்கள் கழித்து அம்மாவின் தம்பி வன்னியிலிருந்து இத்தாலியில் நாங்கள் இருந்த பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டுச் சோபாதான் மாமாவுக்குப் படுக்கை. பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை. எழும்ப முடியாத அவருடைய கணவரைத் தூக்கி இருத்திக் குளிப்பாட்டி, திரும்பவும் தூக்கிப் படுக்க வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பகேரியாப் பக்கத்து மைதானத்தில் கிரிக்கெட். மாமா வேகப்பந்து வீச்சாளர். தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்துகொண்டு நானும் கூடப் போவேன்.

எங்கள் லீக்கின் புள்ளிவிபரமெல்லாம் போனில் ஒரு செயலியில் இருந்தது. மாமாவின் பெயரைத் தொட்டால் இரண்டு கோடுகள் வரும். ஒரு விக்கெட்டுக்கு மாமா கொடுத்த ஓட்டங்கள் நீலம். லீக்கின் சராசரி சாம்பல். ஓட்டம் குறையக் குறையத்தான் பெருமை என்பதால், நீலம் கீழே கிடப்பதைப் பார்த்து இருவரும் சிரித்துக்கொள்வோம்.

அந்தக் கிழவரைத் தூக்கித் தூக்கி மாமாவின் தோள் போய்விட்டது. விளையாடாமல் நின்றால் மறந்துவிடுவார்கள் என்று வலியோடு வீசினார். அவர் பந்தை எல்லாரும் அடித்தார்கள். நீலக் கோடு ஏறிச் சாம்பலைத் தாண்டியது. தோளைப் பற்றிச் செயலியில் எழுத இடமில்லை.

பிறகு கிழவர் இறந்தார், வேலையும் போனது. வேலை ஒப்பந்தம் இல்லாமல் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. நல்ல பந்துவீச்சாளர் கிடைத்தால் கிடங்கில் வேலையும் ஒப்பந்தமும் தருவதாக இத்தாலியின் வடக்கில் ஒரு கிரிக்கெட் கழகம் சொல்லியிருந்தது. மாமாவுக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

அந்தக் கழகத்திலிருந்து போன் வந்தபோது பகேரியா ரயில் நிலையத்தில் நின்றோம். மாமாவின் இத்தாலி மொழி சமையலறையோடு சரி. ஸ்பீக்கரைப் போட்டு, "வடிவாக் கேட்டுச் சொல்லு, பிள்ளை" என்றார்.

கழகச் செயலாளர் நல்ல மனிதர் போலத்தான் பேசினார். நான் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். "எல்லா வருசத்தையும் சேர்த்துப் பாத்தவையாம். லீக் மேதியாவை விட மோசமாம். குறை நினைக்க வேண்டாமாம்."

மாமா "கிராத்சியே" என்று நன்றி சொன்னார். இணைப்பு துண்டிக்கப்பட்ட பிறகும் இன்னொரு தடவை சொன்னார்.

ரயிலில் ஏறி இருந்ததும், "மேதியா எண்டா என்ன?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் படித்திருந்தேன். பெருமை தாங்கவில்லை. "சராசரி, மாமா. எல்லாரையும் கூட்டிப்போட்டு, எத்தினை பேரோ அதாலை பிரிக்கிறது."

"என்னையும் சேத்தோ?"

"ஓம். நீங்களும் அதுக்கை இருக்கிறியள்."

"அப்ப என்னை எடுத்துவிட்டா?"

நல்ல கேள்வி என்று பட்டது. மாமாவை எடுத்தால் லீக் கொஞ்சம் முன்னேறும். அதுதான் சரியான விடை. ஆனால் அவர் முகம் வாடிக் கிடந்தது. அவருக்கு நோகாத விடையாகத் தேடினேன்.

"கனபேர் இருக்கினம் மாமா. நீங்கள் இல்லாட்டியும் ஒரு வித்தியாசமும் தெரியாது."

"ஓம்," என்றார். "தெரியாதுதான்." ஆறுதல் சொல்லிவிட்ட திருப்தியில் நான் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு அவர் மைதானத்துக்குப் போகவில்லை. பெர்மெஸ்ஸோ முடிந்ததும் பொலிசுக்குப் பயந்து தெருவுக்கும் இறங்கவில்லை. சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். ஒரு நாள் காலையில் நாங்கள் எழும்பியபோது ஆள் இல்லை. போனை வைத்துவிட்டுப் போயிருந்தார். பாரிசில் இருந்த சொந்தக்காரரிடமும் போய்ச் சேரவில்லை. இன்றுவரை ஒரு தகவலும் கிடையாது.

அன்று காலை அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்து உலுக்கினார். "நீதானே எந்த நேரமும் அவனோடை திரிஞ்சனி. உன்னட்டை ஏதும் சொன்னவனோ? யோசிச்சுச் சொல்லு."

நான் உண்மையாகவே யோசித்தேன்.

"இல்லையம்மா," என்றேன். "நாங்கள் கணக்குத்தான் கதைச்சனாங்கள்."