பஸ் கீழே இறங்காத வாகைப்பட்டி ரோடு

சேலத்திலிருந்து ஒரே நாளில் ரயிலில் போய்த் திரும்பும்படி, கூட்டமில்லாத ஊர் ஒன்று சொல்லுங்கள் என்று உங்களில் சிலர் விடாமல் எழுதிக்கொண்டிருந்தீர்கள். அதனால்தான் கிளம்பினேன். ஏப்ரல் இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஏப்ரலில் போய் யாராவது தருமபுரிப் பக்கம் ஊர் சுற்றுவார்களா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பாதிக்கு மேல் புலம்பல். அருவி, மலை, சூரிய உதயம் எதிர்பார்ப்பவர்கள் என் ஒகேனக்கல் கட்டுரைக்குப் போய்விடுங்கள்.

வாகைப்பட்டி ரோடு என்ற ஸ்டேஷன் பொம்மிடிக்கும் மொரப்பூருக்கும் நடுவில் இருக்கிறது. வாகைப்பட்டி என்கிற கிராமம் அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே. அந்தக் கிராமத்துக்குப் போகிற சாலையில் ஸ்டேஷனைக் கட்டி, பெயரில் ஒரு 'ரோடு' சேர்த்துவிட்டார்கள். பிறகு ஸ்டேஷனைச் சுற்றியே ஓர் ஊர் முளைத்துவிட்டது. சேலத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் பதினைந்து ரூபாய். ஒரு மணி நேரப் பயணம் என்று சொல்வார்கள். எனக்கு முன்னால் போக வேண்டிய எக்ஸ்பிரஸ்கள் எல்லாம் போன பிறகுதான் எங்களுக்கு சிக்னல் விழுந்தது. இரண்டு மணி நேரம் ஆனது. ஓரமாக நிறுத்தி வைத்த ரயிலுக்குள் ஏப்ரல் மாதம் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

ஒன்பதரைக்கு இறங்கினேன். என்னோடு இறங்கியவர்கள் மூன்று பேர், மூவரும் தண்டவாளத்தைத் தாண்டி காட்டுப் பக்கம் போய்விட்டார்கள். பிளாட்பாரத்தில் பெயர்ப் பலகை, ஒரு வேப்பமரம், பூட்டிய குட்ஸ் ஷெட். கரி இன்ஜின் காலத்தில் இங்கே இன்ஜின்கள் தண்ணீர் பிடிக்கும், அந்த நேரத்துக்கு எல்லா வண்டிகளும் நிற்கும். சுற்று வட்டாரப் புளி, மாங்காய், நிலக்கடலை எல்லாம் இந்த ஷெட்டிலிருந்துதான் ஏறும். கரி இன்ஜின் போனது, தண்ணீர்த் தொட்டியை இடித்தார்கள். சரக்கு லாரிக்கு மாறியது, ஷெட்டைப் பூட்டினார்கள். அத்தோடு ஊர் படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. காரணம் ரயில்வே கேட்.

தருமபுரி சாலை இங்கே தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிறது. இரட்டைப் பாதை, ஓயாத ரயில்கள், கேட் எப்போதும் சாத்தியே கிடக்கும். இரண்டு பக்கமும் பஸ்ஸும் லாரியும் வரிசை கட்டி நிற்கும். நிற்கிற பஸ்ஸின் ஜன்னலுக்கு வெள்ளரிப் பிஞ்சு, வேகவைத்த கடலை, கொய்யா எல்லாம் வந்து சேரும். பொறுமையில்லாதவர்கள் இறங்கி டீ குடிப்பார்கள், பசித்தவர்கள் பரோட்டா தின்பார்கள். சைக்கிள் கடை, சலூன், லாட்ஜ் கூட ஒன்று வந்தது. ரயில் நின்றதால் உண்டான ஊர், அப்புறம் பஸ் நின்றதால் பிழைத்தது. பிறகு மேம்பாலம் வந்தது. பாலம் திறந்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது எதுவும் நிற்பதில்லை.

இத்தனை ஊர்களில் இதைத் தேர்ந்தெடுத்தது பரோட்டாவுக்காகத்தான். அந்தப் பழைய வரிசையில் திறந்திருந்தது ஒரே ஒரு கடை. பாலத்துக்கு அடியில், பழைய கேட் இருந்த இடத்தில் சாலையை மறித்துக் கட்டிய சுவரை ஒட்டி, தகரக் கூரை. கடையை நடத்துபவர் செல்வி, நாற்பது வயதிருக்கும். பரோட்டா போடுவது அவர் கணவர் முருகேசன். இரண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட், ஒரு டீ, எழுபது ரூபாய். பரோட்டா அருமை என்பதைக் கோபத்தில் சொல்ல மறந்துவிடுவேன் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பத்து மணி வாக்கில் கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கொத்தனார்கள், நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள், ஆடு மேய்க்கிற ஒருவர் ஆடுகளோடு. முப்பது பேர் இருக்கும். யாரும் காசு கொடுத்ததாகத் தெரியவில்லை, எல்லோருக்கும் செல்வி டீ கொடுத்துக்கொண்டிருந்தார். ஏதாவது விசேஷமா என்று கேட்டேன்.

"விசேஷந்தாங்க சார். டிப்போவுலருந்து ஆபீஸரு வர்றாரு. இங்க பஸ்ஸு ஏற ஆளு இருக்குதான்னு பாக்க வர்றாரு. நீங்களும் கெளம்பீராதீங்க, நில்லுங்க. ஒரு தலை கூடும்ல" என்றார் செல்வி.

விஷயம் இதுதான். பாலம் ஏறுகிற இடத்தில் ஒரு சர்வீஸ் ரோடு பிரிந்து கீழே கடைகளுக்கு வருகிறது. பஸ் அதில் இறங்கி, ஸ்டாப்பில் ஆளை ஏற்றிக்கொண்டு, திரும்பிப் போய்ப் பாலம் ஏற வேண்டும். மொத்தம் ஒன்றரை கிலோமீட்டர், ஐந்து நிமிடம். பஸ் போர்டில் ஊர்ப் பெயர் இருக்கிறது. ஆனால் ஒரு பஸ்ஸும் இறங்குவதில்லை, நேராக மேலே போய்விடுகிறது. இந்த ஊர்க்காரர்கள் முக்கால் கிலோமீட்டர் வெயிலில் நடந்து பாலத்து முனைக்குப் போய் ஏறுகிறார்கள். திரும்பி வரும்போது அங்கேயே இறக்கிவிடப்படுகிறார்கள்.

"இந்த மாசத்தோட பாக்கறங்க. பஸ்ஸு கீழ வரலன்னா கடையச் சாத்திப்புட்டு ஓசூருக்குப் போயிர்றேன். எங்க சின்னம்மா பொண்ணு கம்பெனி கேண்டீன்ல இருக்குது, கூப்புட்டுட்டே இருக்குது" என்றார் செல்வி. "இவுரு வரமாட்டாரு. இவுருக்கு இந்த எடத்த வுட்டு வர மனசு இல்ல. நான் அங்க, இவுரு இங்க. அதான் நடக்கப் போவுது."

முருகேசன் மாவை அடித்துக்கொண்டே இருந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பாலத்தை எதிர்த்து அப்போதே போராடியிருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டேன். கொத்தனார்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"பாலம் வேணும்னு போராடுனதே நாங்கதாங்க" என்றார் முருகேசன். "மூணு தடவ ரயில் மறியல். கேஸுகூட இருந்துச்சு. எங்க அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்து ஆம்புலன்ஸுல ஏத்திட்டோம். கேட்டு சாத்திக் கெடக்குது. ஒரு கூட்ஸு போச்சு. தொறப்பாங்கன்னு பாத்தா எதுர்ல இன்னொரு வண்டி. அது போறதுக்குள்ள அண்ணன் போயிட்டாரு. கேட்டு தொறந்தப்ப வண்டியத் திருப்பி வூட்டுக்கு ஓட்டச் சொன்னேன்."

செல்வி அவர் பக்கம் பார்க்காமல் சொன்னார். "பாலம் வேணான்னு நானும் ஒரு நாளும் சொன்னதில்லீங்க. பஸ்ஸுதான் கேக்கறம்."

காலி டீ கிளாஸை வைத்துவிட்டு நானும் அவர்களோடு போய் நின்றேன்.

ஆபீஸர் பதினொன்றுக்கு வருவதாகப் பேச்சு. ஸ்டாப்பில் ஒரு நிழற்குடை இருக்கிறது, அதாவது அதன் தூண்கள் இருக்கின்றன, தகடு போன வருடக் காற்றில் பறந்துவிட்டது. சாலையோரப் புளியமரங்களைப் பாலத்துக்காக வெட்டிவிட்டார்கள். ஆக, சுற்றுவட்டாரத்தில் நிழல் என்றால் பாலத்தின் அடி மட்டும்தான். முப்பது பேரும், என்னையும் ஆடுகளையும் சேர்த்து, பாலத்துக்கு அடியில் நின்றோம். சர்வீஸ் ரோட்டின் முனையையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதினொன்றரை இருக்கும். மேலே ஒரு வண்டி நிற்கிற சத்தம் கேட்டது. சர்வீஸ் ரோட்டில் விழுந்திருந்த பாலத்துக் கைப்பிடிச் சுவரின் நிழலில் ஒரு தலை முளைத்தது. கொஞ்ச நேரம் இருந்தது, நகர்ந்தது, மறுபடி நின்றது.

"எவனோ செல்ஃபி எடுக்கறான். தெனமும் இதே ரோதனை" என்றார் ஒரு கொத்தனார். பாலம் திறந்ததிலிருந்து பையன்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது வழக்கமாம். யாரும் அசையவில்லை. தலையின் நிழல் மறைந்தது, வண்டி கிளம்பியது.

அடுத்த நிமிடம் முருகேசனின் போன் அடித்தது. மாவுக் கையோடு ஸ்பீக்கரைப் போட்டார்.

"நான் வந்து பாத்துட்டேன்ப்பா. ஸ்டாப்பிங்ல ஒரு ஆள் இல்ல. அம்பது பேர் நிப்பாங்கன்னு சொன்னீங்க?"

"சார், சார், நாங்க அடியில நிக்கறம் சார்! கீழ வாங்க சார்!"

"நான் மொரப்பூர் ரோட்டுக்கு வந்துட்டேன். மீட்டிங் இருக்கு. பாக்கலாம்." வைத்துவிட்டார்.

எனக்கு வந்த எரிச்சலை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. பஸ் கீழே இறங்குவதில்லை என்று புகார் கொடுத்தால், அதை விசாரிக்க வருகிறவரும் கீழே இறங்கவில்லை! அவர் மேல் மட்டுமா கோபம்? முப்பது பேரில் ஒருவராவது வெயிலில் போய் நின்றிருக்கலாம். தொப்பி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான், நானே நிற்கவில்லை. செல்வி யாரையும் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. ஒரு நாற்காலியை எடுத்து இன்னொன்றின் மேல் கவிழ்த்தார். பிறகு அடுத்ததை எடுத்தார்.

நான் தருமபுரிக்குப் போய், அங்கிருந்து சேலம் பஸ் பிடிப்பதாகத் திட்டம். சொல்லிக்கொண்டு கிளம்பி, பாலத்து முனை வரை நடந்தேன். பன்னிரண்டு மணி வெயில், முக்கால் கிலோமீட்டர். பாதி வழியில் செருப்பில் தார் ஒட்டிக்கொண்டது. கடத்தூர்ப் பக்கமிருந்து தருமபுரி பஸ் வந்தது, கை காட்டினேன், ஏறினேன். கண்டக்டர் "எங்க சார்?" என்றார். தருமபுரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வாகைப்பட்டி ரோடு ஒண்ணு."

"அங்கருந்துதான நடந்து வர்றீங்க? நான் பாத்தனே."

"ஆமா. திரும்பிப் போறேன்."

"அப்ப எறங்கி நடந்துக்கங்க சார். பாலத்து முனையோட சரி, பஸ்ஸு கீழ போவாது."

"போர்டுல பேர் இருக்கு. டிக்கெட் குடுங்க. பாலத்து முனைன்னு போடாதீங்க, வாகைப்பட்டி ரோடுன்னு போடுங்க."

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பின் சீட்டில் யாரோ "யோவ், எங்களுக்கு வேல இருக்குதுய்யா" என்றார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் மெஷினைத் தட்டிப் பத்து ரூபாய் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். டிரைவர் ஏதோ முணுமுணுத்தபடி ஸ்டியரிங்கை வளைத்தார். பஸ் சர்வீஸ் ரோட்டில் இறங்கியது.

ஹாரன் சத்தம் கேட்டுப் பாலத்தடியிலிருந்து எல்லோரும் வெளியே ஓடி வந்தார்கள். ஆடுகள் கூட வந்தன. பஸ் நின்றது. "ஏறுங்க, ஏறுங்க, நேரமாச்சு" என்று கண்டக்டர் கத்தினார்.

ஒருவரும் ஏறவில்லை. ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். இருக்காதா? அவர்கள் நிற்பதற்காக வந்தவர்கள், யாருக்கும் எங்கும் போகிற வேலை இல்லை. கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அப்போது செல்வி கையைத் துண்டில் துடைத்தபடி வந்தார். துண்டை முருகேசன் தோளில் போட்டார்.

"கடையப் பாத்துக்க மாமா. நான் டிப்போவுக்குப் போயிட்டு வந்தர்றேன்."

"நீ போயி என்ன பேசுவ?" என்றார் முருகேசன்.

"பேசறது அப்புறம். மொதல்ல அவுரு முன்னாடி போயி நிக்கறேன்."

ஏறினார். நானும் தருமபுரிக்கு இன்னொரு டிக்கெட் வாங்கினேன், முப்பத்திரண்டு ரூபாய். பஸ் திரும்பிப் பாலம் ஏறியது. உச்சியில் செல்வி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார், அவர் தோளுக்கு மேல் நானும் பார்த்தேன். தகரக் கூரை, நான்கு தூண்கள், காலிச் சாலை. இவ்வளவு நேரம் அங்கே நின்ற முப்பது பேரில் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை, எல்லோரும் நிழலுக்குத் திரும்பிவிட்டிருந்தார்கள்.

"மெய்தாங்க. மேல இருந்து பாத்தா நாங்க யாருமே இல்ல" என்றார்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கிக்கொண்டேன், அவர் டிப்போவுக்கு வழி கேட்டுக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போன் செய்தேன். செல்வி மூன்று மணி நேரம் வராந்தாவில் நின்றாராம். பிறகு அந்த அதிகாரி கூப்பிட்டு உட்கார வைத்தாராம். திட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். கணினியைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். வாகைப்பட்டி ரோடு ஸ்டேஜுக்கு டிக்கெட்டே விழுவதில்லை, எல்லாமே பாலத்து முனை டிக்கெட். "உங்க ஊர் பேர்ல டிக்கெட் விழட்டும்மா. அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்" என்றாராம். அந்த மாதத்தில் அன்றுவரை அந்த ஊருக்கென்று விழுந்திருந்தது ஒரே டிக்கெட். என்னுடையது. ஓசூர்ப் பயணத்தைச் செல்வி அடுத்த மாதக் கடைசி வரை தள்ளி வைத்திருக்கிறார்.

ஆகவே, போக நினைப்பவர்களுக்கு. காலைப் பாசஞ்சரில் போங்கள், தண்ணீர் இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்டேஷனில் குழாய் வேலை செய்யவில்லை. குட்ஸ் ஷெட்டைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கடை மதியம் மூன்று வரை இருக்கும், சால்னாவை இரண்டாம் முறை கேட்டு வாங்குங்கள். ரயில் ஒத்துவராதவர்கள் தருமபுரியிலிருந்து பஸ்ஸில் வாருங்கள், டிக்கெட் வாங்கும்போது ஊர்ப் பெயரை முழுசாகச் சொல்லுங்கள், டிக்கெட்டில் அதே பெயர் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பாலத்து முனையில் பஸ்ஸை நிறுத்தி, இங்கேயே இறங்கி நடந்துக்கங்க என்று கண்டக்டர் சொல்வார். பின்னால் இருப்பவர்கள் திட்டுவார்கள். டிரைவர் கண்ணாடியில் முறைப்பார்.

இறங்காதீர்கள். உட்கார்ந்தே இருங்கள்.